இறங்காத தீவு

கப்பலேறிப் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்னும் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பாதிப் பேர், "எத்தனை நாள் வாந்தி எடுத்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். எழுத்தாளன் என்றால் திண்ணையில் உட்கார்ந்தபடியே உலகத்தைச் சுற்றுகிறவன் என்பது அவர்கள் எண்ணம். எழுபது வயது வரைக்கும் என் எண்ணமும் அதுவாகத்தான் இருந்தது.

எல்லாம் எங்கள் பையன் செய்த வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது என்று கணக்குப் பார்த்து, 2024-ஆம் வருஷ ஆரம்பத்தில் இரண்டு டிக்கெட்டுகளை வாங்கி அனுப்பிவிட்டான். டாஹிட்டித் தீவில் கப்பலேறி, கிழக்கே பிட்கேர்ன், ஈஸ்டர் தீவு என்று தொட்டுக்கொண்டு, தென் அமெரிக்காவில் சிலி தேசத்தில் இறங்க வேண்டும்.

"அத்தனை தண்ணியைப் பார்த்துக்கிட்டு இத்தனை நாள் என்னங்க பண்றது?" என்றாள் என் மனைவி.

"பேசிக்கொண்டிருக்கலாம்" என்றேன்.

"யாரோட?" என்று கேட்டாள்.

வேடிக்கையாகத்தான் கேட்டாள் என்று அப்போது நினைத்தேன்.

பட்டியலில் பிட்கேர்ன் என்ற பெயரைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மார்லன் பிராண்டோ நடித்து 1962-ல் வெளிவந்த 'மியூட்டினி ஆன் த பவுண்டி' படத்தைப் பத்து வருஷம் கழித்து, கல்லூரி நாளில், திருச்சியில் பார்த்தேன். படம் விட்டு வந்தபோது விடுதிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். அன்று இரவு ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் படுத்துக்கொண்டு, அநியாயத்தை எதிர்த்து நிற்கும் ஒரு மனிதனைப் பற்றி நாவல் எழுதியே தீருவது என்று சங்கற்பம் செய்துகொண்டேன். அப்புறம் சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து, எந்த மேலதிகாரியையும் எதிர்க்காமல் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். அது வேறு விஷயம்.

டாஹிட்டியை விட்டுப் புறப்பட்ட அன்று மாலையே மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில் அவளை உட்கார வைத்துக் கதையை ஆரம்பித்துவிட்டேன்.

1787 டிசம்பரில் பவுண்டி என்ற ஆங்கிலேயக் கப்பல் டாஹிட்டிக்குப் புறப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாக வயிற்றை நிரப்புவதற்காக, டாஹிட்டியிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளைக் கொண்டுபோக வேண்டும் என்பது உத்தரவு. கன்றுகளுக்காக ஐந்து மாதம் அங்கே தங்கினார்கள். ஆயிரத்துக்கு மேல் கன்றுகளை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், 1789 ஏப்ரல் 28 அன்று, பிளெட்சர் கிறிஸ்டியன் என்பவன் தலைமையில் மாலுமிகள் சிலர் கலகம் செய்தார்கள். கப்பல் தலைவன் வில்லியம் பிளையையும் அவனுடைய ஆட்கள் பதினெட்டுப் பேரையும் ஒரு திறந்த படகில் இறக்கி விட்டுவிட்டார்கள். அந்த மனிதன் ஏறக்குறைய நாற்பத்தேழு நாள் படகு செலுத்தி டிமோர் தீவை அடைந்தான். கலகக்காரர்களில் ஒன்பது பேர், டாஹிட்டிப் பக்கத்து ஆண்களிலும் பெண்களிலும் சிலரை அழைத்துக்கொண்டு, ஒளிவதற்கு இடம் தேடி அலைந்தார்கள். பிட்கேர்ன் கிடைத்தது. 1767-ல் அதைக் கண்ட ஆங்கிலேயர்கள் கடற்படத்தில் அதைத் தவறான இடத்தில் குறித்து வைத்திருந்தார்கள். படத்தில் சரியாக இல்லாத தீவைவிட ஒளிவதற்குப் பத்திரமான இடம் ஏது? 1790 ஜனவரி 23 அன்று கப்பலைக் கொளுத்தினார்கள். பதினெட்டு வருஷம் அவர்கள் இருக்கும் இடமே உலகத்துக்குத் தெரியவில்லை.

நான் மூச்சு வாங்கினேன். என் மனைவி தூரத்தில் பறந்த ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீமைப்பலாக் கன்றுக்காகவா இவ்வளவு அமர்க்களமும்?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பத்தைந்து வருஷமாக என் கதைகளுக்கு அவள் சொல்லும் விமரிசனம் எல்லாம் இந்த ரகந்தான். மிச்சக் கதையைச் சொல்லாமல் கப்பலில் இருந்த நூல்நிலையத்துக்குப் போய்விட்டேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் தீவு தெரிந்தது. முதலில் ஒரு கரும்புள்ளி. பிறகு கடலிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஒரு பச்சைப் பாறை. நீளம் மூன்று கிலோமீட்டர். அகலம் அதில் பாதி. எங்கே பார்த்தாலும் செங்குத்தான கரை. அதன் அடியில் வெள்ளை நுரை. விமான நிலையம் கிடையாது. வேறொரு தீவிலிருந்து சாமான் கப்பலில் பயணம் செய்தால்தான் அடையலாம். ஜனத்தொகை சுமார் நாற்பது பேர். எங்கள் கப்பலின் சமையலறையில் வேலை செய்கிறவர்களே அதைவிட அதிகம்.

நான் தொப்பி, கைத்தடி, புதுக் கான்வாஸ் ஜோடு சகிதமாகத் தயாராக நின்றேன். அந்த மண்ணில் காலை வைக்க ஐம்பது வருஷம் காத்திருந்தவன் அல்லவா? அப்போது ஒலிபெருக்கியில் கப்பல் தலைவர் பேசினார். அலை பெரிதாக இருக்கிறது. யாரையும் கரையில் இறக்குவதற்கில்லை. தீவுக்காரர்கள் நம்மிடம் வருவார்கள். சில மணி நேரம் நின்றுவிட்டுப் புறப்படுவோம். அவ்வளவுதான். என் ஜோட்டைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

"விடுங்க. வீடு தேடி வர்றாங்கன்னா அவங்கதானே பெரியவங்க?" என்றாள் என் மனைவி.

ஒரு நீளப் படகு அலையில் ஏறியும் இறங்கியும் கப்பலின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆணும் பெண்ணுமாக ஊரில் பெரும் பகுதி அதில் வந்திருந்தது. மேலிருந்து நூலேணியை இறக்கினார்கள். படகு உயரும் கணம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும்; ஒரு கணம் தப்பினால் கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் நசுங்க வேண்டியதுதான். அறுபது வயதைத் தாண்டிய ஒரு ஸ்திரீ, எங்கள் ஊர்ப் பெண்கள் பரணில் ஏறுவதுபோலச் சாதாரணமாக ஏறி வந்தாள். என் மனைவி என் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் கால் தளத்தில் பட்ட பிறகுதான் விட்டாள்.

அரை மணி நேரத்தில் நீச்சல் குளத்தருகே ஒரு சந்தை கூடிவிட்டது. தேன் சீசாக்கள், தபால் தலைகள், கூடைகள், மரத்தில் செதுக்கிய சுறாக்கள், ஆமைகள், பவுண்டி கப்பலின் பொம்மைகள். பாஸ்போர்ட்டை நீட்டினால் தீவின் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்கள். இறங்காத ஊருக்கு வந்து போனதாக என் பாஸ்போர்ட்டிலும் ஒரு சாட்சி ஏறிவிட்டது.

நூலேணியில் ஏறி வந்த அந்த அம்மாளின் மேஜை முன்னால் என் மனைவி நின்றுவிட்டாள். ஒரு சின்ன மர ஆமையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். கறுப்பும் சிவப்பும் கலந்த கெட்டியான மரம். அது என்ன மரம் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள். "மீரோ" என்றாள் அந்த அம்மாள். நூறு மைலுக்கு மேல் தள்ளி ஹெண்டர்சன் என்ற ஆளில்லாத தீவு ஒன்று இருக்கிறது. அங்கே படகில் போய் வெட்டி வருவார்களாம். என் மனைவிக்குப் புரியவில்லை என்று கண்டு, தன் கைபேசியை எடுத்து அந்த மரத்தின் படத்தைக் காட்டினாள். நெஞ்சு வடிவத்தில் இலை. மஞ்சள் பூ. வாடிய பூ சிவந்திருந்தது.

"பூவரசுங்க!" என்று என் மனைவி தமிழில் கத்திவிட்டாள். "நம்ம பூவரசு! எங்க வீட்டுக் கொல்லையில நின்னுதே!"

உண்மைதான். கடலோரமாகவே பரவி உலகத்தைச் சுற்றி வந்த மரம் அது. பிறகு அந்த இரண்டு பெண்களுக்கும் பாஷை தேவைப்படவில்லை. இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவது எப்படி என்று என் மனைவி வெறுங்கையால் அபிநயம் பிடித்தாள். அறுபத்துநாலு வயதில், நீச்சல் உடையில் நின்ற வெள்ளைக்காரர்களின் நடுவே, பீப்பீ ஊதினாள். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதுதான் சமயம் என்று நான் குறுக்கே புகுந்தேன். "நீங்கள் கலகக்காரர்களில் யாருடைய வம்சம்?" என்று கேட்டேன்.

அவள் பாடம் ஒப்பிப்பதுபோல, "பிளெட்சர் கிறிஸ்டியன்" என்றாள். எனக்குப் புல்லரித்தது.

என் மனைவி கேட்டாள்: "அம்மா வழியில யாரு? அந்த அம்மா பேர் என்ன?"

அந்த ஸ்திரீ கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். என் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மவுவாத்துவா" என்றாள் மெதுவாக. பிறகு என்னைக் காட்டிச் சிரித்தபடி, "கப்பலில் வருகிறவர்கள் எல்லாரும் இவர் கேட்டதைத்தான் கேட்பார்கள்" என்றாள்.

அதன் பிறகு என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. எந்தக் கிழங்கை எப்படித் தின்பது, மண்ணைத் தோண்டி அடுப்பு மூட்டி எப்படிச் சமைப்பது, மரப்பட்டையை அடித்து அடித்து எப்படித் துணியாக்குவது, எல்லாம் அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும். வந்த வெள்ளைக்காரர்களுக்குக் கயிறும் சாராயமும் தெரியும் என்று என் மனைவியிடம் சொன்னாள். தீவில் அவர்கள் பேசுவது இங்கிலீஷும் டாஹிட்டியும் கலந்த ஒரு பாஷை. அதில் சாப்பாட்டுக்கும் செடிகொடிகளுக்கும் உள்ள வார்த்தைகள் பலவும் அந்தப் பாட்டிமார் கொடுத்தவை. மவுவாத்துவா அடித்த பட்டைத் துணி இங்கிலாந்தில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று நானும் படித்திருந்தேன். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருந்தேன்.

ஆமையை வாங்கிக்கொண்டு நாங்கள் மேல்தளத்துக்கு வந்தோம். தீவு எதிரே இருந்தது. பச்சை மேட்டில் நாலைந்து கூரைகள் வெயிலில் மின்னின.

"அந்தப் பொண்ணுங்க கதையைச் சொல்லுங்க. நீங்கதான் படிச்சிருப்பீங்களே" என்றாள்.

நான் படித்துத்தான் இருந்தேன். அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். கதாநாயகன், வில்லன், கலகம், கடல் என்று இருக்கும்போது அந்தப் பெண்கள் எனக்குத் துணைப் பாத்திரங்களாகத் தோன்றினார்கள். சிலரை 'அழைத்துக்கொண்டு' போனார்கள் என்று முன்னால் எழுதினேன் அல்லவா? அது பெரிய பொய். இப்போது உண்மையைச் சொன்னேன்.

டாஹிட்டியில் பவுண்டிக்கு வந்திருந்த பெண்கள் கப்பலில் இருக்கும்போதே இரவோடு இரவாக நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டார்கள். ஒருத்தி கடலில் குதித்து நீந்திப் போய்விட்டாள். வயதானவர்களாகத் தெரிந்த ஆறு பேரைப் பக்கத்துத் தீவில் இறக்கிவிட்டார்கள். மற்றவர்கள் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். பிட்கேர்னில் ஒன்பது வெள்ளைக்காரர்களும் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெண்களையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கூட வந்த ஆறு டாஹிட்டிப் பக்கத்து ஆண்களுக்கு நிலமும் இல்லை, அவர்கள் வேலைக்காரர்கள். 1793-ல் வெட்டு குத்து ஆரம்பித்தது. அந்த ஆறு பேரும் மாண்டார்கள், கிறிஸ்டியனும் மாண்டான். 1808-ல் ஓர் அமெரிக்கக் கப்பல் தற்செயலாகத் தீவைக் கண்டபோது, வந்த ஆண்களில் மிஞ்சியிருந்தவன் ஜான் ஆடம்ஸ் ஒருவன். அவனைச் சுற்றிப் பெண்களும் குழந்தைகளும்.

"அந்தப் பொண்ணுங்க சும்மாவா இருந்தாங்க?"

"இல்லை. 1794-ல் ஒரு படகு கட்டினார்கள். ஊருக்குத் திரும்பிப் போவதற்காக. ஒருத்தி தன் வீட்டுப் பலகைகளையே பிடுங்கிக் கொடுத்தாள். தண்ணீரில் இறக்கியதும் படகு கவிழ்ந்துவிட்டது."

"அவ பேர் என்ன?"

வெள்ளைக்காரர்கள் ஜென்னி என்று கூப்பிட்டார்கள் என்றேன். "அவ அம்மா வெச்ச பேரு?" என்றாள். நல்ல வேளையாகக் குறித்து வைத்திருந்தேன்: தேஹுதேயாத்துவாவோனோவா. எனக்கு நாக்குச் சுழலவில்லை. என் மனைவி மூன்று தரம் சொல்லிப் பார்த்து, நாலாம் தரம் தடங்கலில்லாமல் சொன்னாள்.

ஜென்னிக்குத் தீவில் குழந்தை பிறக்கவில்லை. 1817-ல் அந்தப் பக்கம் வந்த ஒரு கப்பலில் ஏறிப் பல ஊர் சுற்றி, கடைசியில் டாஹிட்டியை அடைந்தாள். 1819-ல் ஒரு சிட்னிப் பத்திரிகை அவள் சொன்னதை அச்சிட்டது. ஊரை விட்டுக் கொண்டுபோன இரவுக்கும் ஊருக்குத் திரும்பியதற்கும் நடுவே சுமார் இருபத்தெட்டு வருஷம்.

இன்னும் இரண்டு விஷயங்களையும் சொன்னேன். 1838-லேயே அந்தத் தீவின் சட்டத்தில் பெண்களுக்கு வாக்குரிமை எழுதிவிட்டார்கள். நம் சென்னை மாகாணத்தில் அது 1921-ல்தான் வந்தது. அதே தீவில் 2004-ல் ஒரு வழக்கு நடந்தது. சிறு பெண்களைப் பல வருஷங்களாகக் கெடுத்து வந்ததாக ஏழு ஆண்கள் கூண்டில் நிறுத்தப்பட்டு, ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சொர்க்கம் என்று சினிமா எடுத்தவர்களும் நாவல் எழுதியவர்களும் காட்டிய தீவில், வாய் திறக்க முடியாமல் எத்தனை பெண்கள் வளர்ந்திருக்கிறார்கள்!

அவள் வெகுநேரம் பேசவில்லை. ஆமையின் முதுகைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, கடலைப் பார்த்தபடியே, "இருபத்தெட்டு வருஷம் கழிச்சுப் போனாளே, அவ அம்மா இருந்திருப்பாளா?" என்றாள்.

எனக்கு அந்த வெயிலிலும் உடம்பு சில்லிட்டது.

1979 தை மாதம் எங்கள் கல்யாணம். அவளுக்கு வயது பத்தொன்பது. எனக்கு நாகபுரியில் வேலை. பத்து நாள் லீவு. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் அவளை அழைத்துக்கொண்டு போனேன். (பார்த்தீர்களா, மறுபடியும் 'அழைத்துக்கொண்டு'!) குடமுருட்டிக் கரையைத் தவிர வேறொன்றும் அறியாத பெண், பாஷை தெரியாத ஊரில், நான் ஆபீசுக்குப் போன பிறகு அடுத்த வீட்டுக்காரியிடம் தண்ணீர் கேட்கக்கூட வார்த்தை இல்லாமல் இருந்தாள். ஆடி பிறந்ததும் பெண்ணை அனுப்பி வைக்கும்படி மாமனார் கடிதம் எழுதினார். ஆபீசில் தணிக்கை நடக்கிறது, தலைதீபாவளிக்குச் சேர்ந்தே வருகிறோம் என்று நான் பதில் எழுதினேன். அவளைக் கேட்டு எழுதவில்லை. எழுதிவிட்டுச் சொன்னேன். சரி என்றாள். புரட்டாசியில் தந்தி வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காடாற்றும் முடிந்திருந்தது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தச் சாவை வைத்து நான் ஒரு கதை எழுதினேன். பத்திரிகையில் வந்தது, நாலு பேர் கண்ணீர் விட்டதாகக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கதையில் வரும் கணவன் மிகவும் நல்லவன். மாமனாரின் கடிதம் கண்ட அன்றே மனைவியை ரயிலேற்றி விடுகிறான். தாயும் மகளும் கடைசி ஆடிமாதம் சேர்ந்திருக்கிறார்கள். அவள் அதைப் படித்தாள் என்று தெரியும். "நல்லா இருக்கு" என்றாள். அந்த ஒரு கதைக்கு மட்டும் அவள் வேறு விமரிசனம் சொல்லவில்லை என்பது எனக்கு அந்தக் கப்பல் தளத்தில்தான் உறைத்தது.

"அன்னிக்கு உன்னை ஊருக்கு அனுப்பியிருக்கணும்" என்றேன். நாற்பத்தைந்து வருஷம் கழித்து இதைச் சொல்வதற்கு ஒரு மனிதனுக்குப் பசிபிக் சமுத்திரத்தின் நடுவுக்கு வர வேண்டியிருந்தது.

"ஆமா" என்றாள்.

'பரவாயில்லை' என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக அவளிடம் எனக்கு மரியாதை உண்டாயிற்று.

பிற்பகலில் தீவுக்காரர்கள் புறப்பட்டார்கள். மறுபடியும் நூலேணி, மறுபடியும் என் முழங்கையில் அவள் பிடி. படகிலிருந்து அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு விடைபெறும் பாட்டுப் பாடினார்கள். எங்கள் கப்பல் சங்கு ஊதியது. அந்த அம்மாள் படகில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, பீப்பீ ஊதிக் காட்டினாள். என் மனைவியும் ஊதினாள். தீவு பச்சைப் பாறையாகி, கரும்புள்ளியாகி, மறைந்தது.

ஊர் திரும்பியதும் நாங்கள் செய்த முதல் பிரயாணம் குடமுருட்டிக் கரைக்கு. அவள்தான் போக வேண்டும் என்றாள். மாமனார் போய், வீடு கைமாறி, அவள் அந்தத் தெருவில் கால் வைத்து வெகு காலம் ஆயிற்று. வீடு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நின்றது. கொல்லையில் பூவரசு இல்லை. ஆனால் வாய்க்கால் கரையில் ஒன்று நின்றது. அது பழைய மரத்தின் பிள்ளையோ, பேரனோ, யார் கண்டார்கள்! அவள் அதன் அடியில் போய் நின்றாள். நான் வழக்கம்போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசி பஸ் ஆறரைக்கு.

"போகலாமா?" என்று கேட்டேன்.

"இருங்க" என்றாள்.

இருந்தேன்.